கரையில்லாத பள்ளம்

பயிற்சியின் கடைசி நாளில் ஓய்வுபெற்ற யாராவது ஒருவர் வந்து உங்களிடம் துல்லியத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லி என்னை அழைத்தார்கள். துல்லியத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. தவற்றைப் பற்றிப் பேசுவேன். மேடை எனக்குச் சரிவராது என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும் நேரத்தில் கேட்பதை விட, நீங்கள் உங்கள் மேசையில் வைத்து நிதானமாகப் படிப்பதே நல்லது.

நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகக் கணினியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஆறுகளையும் ஓடைகளையும் பிரித்தெடுக்கும் வேலை இன்று உங்களுக்கு ஒரு முற்பகல் வேலை. தரவை இறக்குகிறீர்கள், நாலு கட்டளை கொடுக்கிறீர்கள், நீலக் கோடுகள் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது தாழ்வு என்று பார்த்துத் தண்ணீரை அங்கே தள்ளிவிடுகிறது. தண்ணீர் சேரச் சேர ஓடை, ஓடை சேரச் சேர ஆறு. தொண்ணூறுகளிலும் சூத்திரம் இதேதான். ஆனால் உயரத் தரவு இன்று போல எங்கிருந்தும் இறங்காது. சர்வே வரைபடத்தில் அச்சாகியிருக்கும் சம உயரக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவி, கணினிக்குள் ஏற்ற வேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இருபது மீட்டர் உயர வித்தியாசம். நடுவில் என்ன இருக்கிறது என்பதைக் கணினி தானாக ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகத்தில்தான் என் கதை நடக்கிறது.

எங்கள் பிரிவு கோயம்புத்தூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் உக்கடம் குளம் தெரியும். ஏசி கெட்டுவிடும் என்று திறக்க விடமாட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கணினி அறைக்குள் போக வேண்டும். கோடு தடவும் மேசையில் ஜமீலா உட்கார்ந்திருப்பாள். கோட்டைமேட்டுப் பெண். என்னை விடப் பத்து வயது சின்னவள். அவளுடைய அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். வளைவு எங்கே இயல்பாக இருக்கிறது, எங்கே இழுத்துப் பிடித்து வரைந்தது என்று அவளுக்கு ஒரு பார்வையில் தெரியும். எனக்கு அந்தக் கண் கிடையாது. எனக்குப் பட்டம் இருந்தது.

அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை, தாராபுரத்துக்குத் தெற்கே அமராவதியில் போய்ச் சேரும் சிறு ஓடைகளின் வரைபடம். தடுப்பணைகள் எங்கே கட்டலாம் என்று அதைப் பார்த்து முடிவு செய்வார்கள். சர்வே வரைபடத்தில் ஓடைகள் ஏற்கெனவே நீலத்தில் இருந்தன. ஆனாலும் முழுக்க உயர மாதிரியிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும் என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொல்லிவிட்டார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். கணினியால் இது முடியும் என்று காட்டினால்தான் எங்கள் பிரிவு நிற்கும் என்பது அவருடைய கணக்கு.

ஊகித்த உயரங்களில் ஆங்காங்கே குழிகள் விழும். தண்ணீர் குழிக்குள் போய் நின்றுவிட்டால் ஓடை அறுந்துபோகும். அதனால் குழிகளையெல்லாம் நிரப்பி மட்டமாக்கிவிட்டுத்தான் ஓடையை எடுப்போம். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். நானும் செய்தேன். எல்லாக் குழிகளையும் ஒரே கட்டளையில் நிரப்பினேன். எது கணினியின் பிழை, எது நிஜமாகவே நிலத்தில் இருக்கும் தாழ்வு என்று ஒன்றைக்கூடத் தனியாகப் பார்க்கவில்லை.

கோடுகள் வந்தன. பெரிய தாளில் அச்செடுத்து மேசையில் விரித்தோம். ஜமீலா சுற்றி வந்து பார்த்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"அக்கா, இந்தப் பள்ளம் ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்குதுங்க. தண்ணி இப்பிடிப் போகுமாங்க?"

எங்கள் பக்கத்தில் மழைக்கு மட்டும் ஓடும் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். அவள் காட்டிய பள்ளம் தெற்கிலிருந்து நன்றாக வளைந்து வளைந்து வந்தது. ஒரு சமவெளியைத் தொட்டதும் மேற்கே திரும்பி, இம்மி பிசகாத நேர்கோட்டில் போய் இன்னொரு ஓடையில் சேர்ந்தது.

"அது மட்டமான இடம், ஜமீலா. மட்டத்தில் கணினி அப்படித்தான் போடும்" என்றேன்.

"சர்வே மேப்புல வடக்கால போற மாதிரி கொஞ்சம் நீலம் இருக்குதுங்க. அப்புறம் நின்னுபோச்சு."

பார்த்தேன். இருந்தது. விட்டு விட்டுப் போட்ட நீலக்கோடு, சமவெளியின் விளிம்போடு முடிந்திருந்தது. பழைய சர்வே, புதிய கணினி. புதியதை நம்பினேன். அவள் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். வரைபடத்தை அனுப்பும் முன் அதை ரப்பரால் அழித்தது நான்தான்.

வரைபடம் தாராபுரத்துக்குப் போனது. அங்கிருந்த அலுவலகத்தில் அது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்களாம். தடுப்பணைக்காகச் செய்த வரைபடத்தை வேறு யார் வேறு எதற்குப் பார்க்கிறார்கள் என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

சில மாதங்கள் கழித்து, தடுப்பணை இடங்களை நேரில் பார்த்துக் குறிக்க ஒரு திங்கட்கிழமை கிளம்பினேன். ஆள் பற்றாக்குறையால் ஜமீலாவையும் கூட்டிப் போனேன். தான் தடவிய நிலத்தை அவள் அன்றுதான் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தாள். அந்த நேர்கோட்டுப் பள்ளத்தில்தான் இரண்டாவது தடுப்பணைக்கான இடம். போய் நின்றால் பள்ளம் இல்லை. சோளத்தட்டு அறுத்த கட்டைகள் நின்றன, அவ்வளவுதான். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் வந்து நின்றார். பழனிசாமி என்று பெயர். அறுபது வயது இருக்கும்.

"ஏனுங்க அம்மணி, இங்க என்னத்தைத் தேடறீங்க?"

தடுப்பணைக்கு இடம் பார்க்கிறோம் என்றேன்.

"இங்க எதுக்குங்க தடுப்பணை? இங்க தண்ணி ஒரு நாளும் வந்ததில்லீங்களே."

"அப்படியென்றால் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் எங்கே போகும்?"

அவர் துண்டை எடுத்து வடக்கே காட்டினார். "அதா, ரோட்டோரமா சுண்ணாம்பு போட்டு வெச்சிருக்காங்கள்ல, அது ஊடே போகுமுங்க. கரை இருக்காது. மழை பேஞ்சா பாய் விரிச்சாப்பல பரவிப் போயிரும். இப்ப பத்துப் பதினஞ்சு வருசமா பெருமழை இல்லீங்க. எல்லாரும் மறந்துபோட்டாங்க."

சாலையோரம் சுண்ணாம்புக் கோடுகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு அரசாங்கம் கட்டித் தரப்போகும் வீடுகள். வெள்ளிக்கிழமை அடிக்கல் நாட்டு விழா. கல் ஏற்கெனவே வந்து சாக்குப் போர்த்திக் கிடந்தது. இந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று அங்கே நின்ற மேஸ்திரியிடம் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் மேப்புல பள்ளம் மேக்கால போயிருதுங்க. இது தரிசுன்னு ஆபீசுல பார்த்துச் சொல்லிப்போட்டாங்க."

ஜமீலா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய நல்ல குணம்.

அதற்குள் அங்கே வேலை செய்துகொண்டிருந்த சில பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் மாராத்தாள் என்ற பெண்ணுக்கு அந்த வரிசையில் மூன்றாவது வீடு. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பழனிசாமி சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. என்னைத் தனியே அழைத்தாள்.

"அம்மணி, அவர் பேச்சைக் கேக்காதீங்க. அவருக்கு நாங்க அவருடைய தோட்டத்துக்கு எதுத்தாப்பல ஊடு கட்டிக் குடியிருக்கறது புடிக்கலீங்க. அதான் பள்ளம் கிள்ளம்னு சொல்றாரு. நான் பொறந்ததே இந்த ஊர்தானுங்க. இங்க தண்ணி ஓடி நான் பார்த்ததில்லை."

அவளுக்கு வயது இருபதுக்குள்தான் இருக்கும்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒருவர் தண்ணீர் வரும் என்கிறார், அவருக்கு அதில் ஆதாயம் இருக்கிறது. இன்னொருத்தி வராது என்கிறாள், அவளுக்கு அதில் வீடு இருக்கிறது. மூன்றாவதாக என் வரைபடம் இருக்கிறது, அதில் என் பெயர் இருக்கிறது. மூன்று சாட்சிகளும் தங்களுக்கு வேண்டியதைத்தான் சொல்லும் நிலையில் இருந்தார்கள். யார் நல்லவர் என்று பார்த்து இதைத் தீர்க்க முடியாது. நிலத்தைத்தான் கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

"வரைபடம் தப்புன்னு உறுதியாத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"போன தடவையும் நீங்க உறுதியாத்தானே சொன்னீங்க?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார். "லெவல் கருவியை எடுத்துட்டுப் போங்க. நிலத்தை அளந்துட்டு வந்து சொல்லுங்க. வரைபடம் தப்புன்னு நாம சொன்னா அடுத்த வேலை நமக்கு வராது. வராமப் போகட்டும். ஆனா அளக்காமச் சொல்லாதீங்க."

புதன்கிழமை பொழுது கிளம்பும்போதே ஜமீலாவும் நானும் நிலத்தில் இருந்தோம். பழனிசாமி டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார். கருவியைத் தூக்க ஆள் தருகிறேன், மோர் தருகிறேன் என்றார். இரண்டையும் வேண்டாம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் கோணியது. அளவுகோலைப் பிடிக்க ஒரு ஆள் அவசியம் தேவை. மாராத்தாளிடம் போய்க் கேட்டேன்.

"என்ர ஊட்டைக் கெடுக்கறதுக்கு என்னையே கோல் புடிக்கச் சொல்றீங்களா?"

"கெடுக்கிறதா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியாதுங்க. நீங்க பிடிச்சாத்தான் நான் ஏமாத்தலைன்னு உங்களுக்குத் தெரியும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வந்து கோலை வாங்கிக்கொண்டாள். அசையாமல் பிடிப்பது எப்படி என்று ஒரு முறை சொன்னதும் புரிந்துகொண்டாள். கோல் ஆடாமல் அவள் நின்ற மாதிரி, பட்டம் வாங்கிய பையன்கள் நின்று நான் பார்த்ததில்லை.

சாலையோரத்துச் சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சர்வேக்காரர்கள் உயரம் பொறித்திருந்த மட்டக்குறியில் தொடங்கினோம். பள்ளம் கரையை இழக்கும் இடத்திலிருந்து சுண்ணாம்புக் கோடுகளுக்கு ஊடே அளந்து போனோம். நான் கருவியில் பார்த்துச் சொல்வேன், ஜமீலா எழுதுவாள். சாயங்காலம் கணக்குப் போட்டேன். வீடு வரப்போகும் இடத்தின் நடு, பக்கத்து நிலத்தை விட ஒன்றரை மீட்டர் தாழ்வு. ஓராள் கழுத்தளவு. இருபது மீட்டர் கோடுகளுக்கு நடுவில் ஒளிந்திருந்த பள்ளம் அகப்பட்டுவிட்டது.

தாராபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்டிடி பூத்திலிருந்து தலைவருக்குப் போன் செய்தேன். கழுத்தளவு சார் என்றேன்.

"கிளம்பின குறிக்கே திரும்பி வந்து முடிச்சீங்களா?"

"நேரம் இல்லை சார். நாளை மறுநாள் விழா."

"நாளைக்கு ஒரு நாள் இருக்குதில்ல? முடிச்சுட்டு வாங்க."

மறுமுனையில் போனை வைத்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பிழையைக் கண்டுபிடித்தவளிடம் இப்படிப் பேசுகிறாரே என்று தோன்றியது. அந்தப் பிழையைச் செய்தவளும் நான்தான் என்பது அந்த நிமிடத்தில் மறந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை வேறு வழியாக அளந்துகொண்டே திரும்பிப் பாலத்துக்கு வந்தோம். தொடங்கிய எண்ணும் முடிந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். விரல் கடை அளவு வித்தியாசம் இருந்தால் பொறுக்கலாம். ஜமீலா இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"சரியா ஒரு மீட்டர் ஒதைக்குதுங்கக்கா."

சரியாக ஒரு மீட்டர் என்றால் அது நிலத்தின் தவறாக இருக்காது, கண்ணின் தவறாகத்தான் இருக்கும். முந்தின நாள் கருவிக்குள் பார்த்துக் கோலில் படித்தபோது ஏதோ ஓரிடத்தில் ஒரு முழு மீட்டரைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். எங்கே என்று தேடினோம். சுண்ணாம்புக் கோட்டுக்குள் இறங்கிய முதல் இடம். மாராத்தாளை மறுபடி அங்கே நிறுத்திப் படித்தேன். ஒரு மீட்டர் கூடுதலாகத்தான் சொல்லியிருந்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ஏன் அந்த இடத்தில் மட்டும்? பள்ளம் அங்கே ஆழமாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். விரும்பியதைக் கண் படித்துக் கொடுத்துவிட்டது. வரைபடத்தை நம்பியபோது நிலத்தைப் பார்க்கவில்லை. வரைபடம் தவறு என்று நிரூபிக்கக் கிளம்பியபோதும் நிலத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே நோய்தான்.

திருத்திய கணக்கில் தாழ்வு அரை மீட்டர். கழுத்தளவு இல்லை, முழங்கால் அளவு.

மாராத்தாள் கோலைச் சாய்த்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "எவ்வளவுங்க?" என்றாள். சொன்னேன். "அவ்வளவுதானுங்களா?" என்றாள், சந்தோஷமாக.

அன்று காலையிலேயே இன்னொன்றும் தெரிந்திருந்தது. திரும்பி வந்த வழியில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிழக்கே ஒரு மேடு. சுக்காங்கல் கலந்த வறண்ட பூமி. அதுவும் அரசாங்கத் தரிசுதான். எந்தப் பக்கத்துத் தண்ணீரும் அங்கே ஏறாது. அந்த மேட்டை ஒட்டிப் பழனிசாமியின் இன்னொரு மானாவாரிக் காடு இருந்தது. நாங்கள் அங்கே கோலை நிறுத்தியதைப் பார்த்ததும் அவர் வேகமாக நடந்து வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நான் உள்ளதைச் சொன்னதுக்கு எனக்கே கொண்டாந்து வெக்கறீங்களே. வேலியோரமாவா ஊடு கட்டுவீங்க?"

"நீங்க சொன்னது உண்மைதானுங்க. அளந்து பார்த்துட்டேன். இதுவும் அளந்ததுதான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். அவர் சொன்னது உண்மை. அவருக்கு ஆதாயம் இருந்ததும் உண்மை. ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லாமல் போய்விடாது. நீங்கள் நிலத்துக்குப் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் தாராபுரம் அலுவலகத்துக்குப் போனோம். வாசல் மரத்தடியில் எங்கள் தலைவர் நின்றிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். வருவதாகச் சொல்லவே இல்லை. நோட்டை வாங்கி வரி வரியாகப் படித்தார். ஒரு மீட்டர் பிழையை ஜமீலா சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தாள்.

"இதை அடிச்சுத் திருத்தாம அப்படியே விட்டது நல்லது" என்றார். அவ்வளவுதான்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கடிதத்தைக் கையால் எழுதினேன். எங்கள் வரைபடத்தில் இந்த ஓடையின் திசை தவறு, அதை வைத்து வீட்டுக்கு இடம் எடுக்க வேண்டாம், கிழக்கு மேடு சரியான இடம். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன். தலைவர் பேனாவை வாங்கி என் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "ரெண்டு கையெழுத்து இருந்தா கிழிக்கறதுக்குக் கொஞ்சம் யோசிப்பாங்க" என்றார்.

வீட்டுத் திட்ட அதிகாரி நல்ல மனிதர், ஆனால் மறுநாள் விழா. பந்தல்காரர் முதல் நாதஸ்வரம் வரை சொல்லி வைத்திருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். அங்கே எங்கள் வரைபடம் கண்ணாடிக்குள் பளபளத்தது.

"இதைப் பார்த்துத்தானேம்மா நாங்க முடிவு பண்ணினோம்?"

"ஆமாங்க சார்."

"அப்ப இது பொய்யா, நீங்க இப்பச் சொல்றது பொய்யா?"

"அது தப்பு சார். அதைப் பண்ணினது நான்தான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய பொறியாளர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு வட்டத்தில் விரல் நின்றது. "இங்க ஒரு மீட்டர் தப்பு வந்திருக்குதே?" என்றார். வந்தது, கண்டுபிடித்துத் திருத்தியாகிவிட்டது, எப்படி என்று அதிலேயே இருக்கிறது என்றேன். அந்த வட்டம் மட்டும் அங்கே இல்லாமல், கழுத்தளவு என்ற பெருமையோடு நான் அங்கே போய் நின்றிருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்தப் பொறியாளர் ஐந்தே நிமிடத்தில் தப்பைப் பிடித்து என்னைப் பஸ் ஏற்றியிருப்பார்.

"மொத்தமே அரை மீட்டர்தானுங்களே. அதுக்கா நிறுத்தச் சொல்றீங்க? அஸ்திவாரத்தை அரை மீட்டர் உசத்திக் கட்டினாப் போச்சு" என்றார் பொறியாளர்.

நியாயமான கேள்வி. நானும் டீக்கடையில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஊட்டை உசத்தலாம் சார். தெருவை உசத்த முடியுமா? வரிசையா ஊடு கட்டினா அது தண்ணிக்குக் குறுக்கே செவுரு. இப்பப் பாய் மாதிரிப் பரவிப் போறது, அப்ப சந்து சந்தாப் பூந்து ஓடும். ரோட்டுக்கடியில இருக்கிறது ஒத்தைக் குழாய். நீங்க உசத்திக் கட்டறதா இருந்தா, எவ்வளவு, எப்படின்னு பிளான்ல சேர்த்து இன்னைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்."

பொறியாளர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பொறியாளரைப் பார்த்தார். யாரும் பேனாவை எடுக்கவில்லை.

"முழங்கால் தண்ணி எப்ப வரும்?" என்று கடைசியாக அதிகாரி கேட்டார்.

"தெரியாதுங்க சார். அடுத்த வருசம் வரலாம். பத்து வருசம் வராமலும் இருக்கலாம். வந்தா இந்த வழியாத்தான் வரும்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார். "கல்லைத் தூக்கி அந்த மேட்டுல வைக்க நாலு ஆள் போதுமா?" என்று கேட்டார். போதும் என்றான் மேஸ்திரி. இடம் மாறியது அந்த ஒரு வாக்கியத்தில்தான். எங்கள் கடிதம் கோப்புக்குள் போனது.

கிளம்பும்போது எங்கள் தலைவர் சுவரைக் காட்டினார். "அதைக் கழட்டிக் கொடுத்துருங்க."

"கலெக்டர் வந்தா அந்த இடத்துல என்னத்தை மாட்டறதுங்க?" என்றார் அதிகாரி.

"சரியானது வர்ற வரைக்கும் சும்மா இருக்கட்டும்."

கோயம்புத்தூர் வரும் வரை அந்தக் கண்ணாடிச் சட்டத்தை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் கொடுக்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை. பல்லடத்தில் ஒருவர் ஏறி, "சாமி படமுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, மேப்பு" என்றார்.

இதன் பலன்களையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருட வேலை எங்களுக்கு வரவில்லை. இரண்டு வருடம் பழைய தாள்களைப் பிரித்து அடுக்கும் வேலைதான் பார்த்தேன். ஜமீலாவின் பென்சில் கேள்விக்குறிகளுக்கு மட்டும் தலைவர் ஒரு விதி வைத்தார். அவள் எந்த இடத்தில் கேள்விக்குறி போட்டாலும், வரைபடம் செய்தவர் எழுத்தில் பதில் சொல்லாமல் அது வெளியே போகக் கூடாது. மறுபடி வரைபட வேலை வந்த முதல் மாதம் எனக்கு முப்பது கேள்விக்குறிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். அவற்றில் ஐந்தில் அவள் சொன்னதுதான் சரி. குழிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு நிரப்பும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. உங்களிடம் இன்று நல்ல தரவு இருக்கிறது, அரை மீட்டரும் அதில் தெரியும். ஆனாலும் எல்லாக் குழியையும் ஒரே கட்டளையில் நிரப்பும் விரல் அப்படியேதான் இருக்கிறது. அந்த விரலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்களை விடக் குறைவாகப் படித்தவர் ஒரு கோட்டில் விரலை வைத்தால், நிலத்துக்குப் போகும் வரை அதை அழிக்காதீர்கள்.

வீடுகள் மேட்டில் எழுந்தன. சாலையிலிருந்து தொலைவு. பஸ்ஸுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அவர்கள் நடக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் வேலையாகப் போன ஒரு தடவை, மாராத்தாள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தலையில் இரண்டு குடம். மழையும் பெய்யவில்லை. சாலையோரத்து நிலம் காய்ந்து கிடந்தது. நான் வீணாக இவர்களை மேட்டில் ஏற்றிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்த நாட்களில் அந்த நோட்டை எடுத்து எண்களைக் கூட்டிப் பார்ப்பேன். ஒத்துவரும். அதை மூடி வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

மூன்றாவது வருடம் ஐப்பசியில் பெய்தது. ஒரு வாரம் கழித்து நானும் ஜமீலாவும் போனோம். யாரும் அனுப்பவில்லை, விடுப்பு எடுத்துக்கொண்டு நாங்களாகப் போனோம். சாலையோரத்து நிலம் முழுக்க வண்டல் படிந்து வெடித்திருந்தது. வேலிக் கம்பிகளில் சருகு தொங்கியது. சருகு நின்ற உயரத்தை அளந்தேன். முழங்காலுக்கு ஒரு விரல் கீழே.

மேட்டுக்கு ஏறினோம். மாராத்தாள் வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. சிரிக்கவும் இல்லை.

"வந்துச்சுங்க" என்றாள். "மத்தியானம் வந்துச்சு, பொழுதோட வடிஞ்சுபோச்சு. முழங்கால் தண்ணிதானுங்க. அதுக்கா எங்களை இத்தனை தொலவு நடக்க வெச்சீங்க?"

"ஆமாங்க" என்றேன். "அதுக்குத்தான்."

அவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே விட்டாள். அது அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, ஆடி ஆடி, கால் ஊன்றி நின்றது. தலை அவள் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. மாராத்தாள் குனிந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு வாசலிலிருந்து விலகி எங்களுக்கு வழி விட்டாள்.

"உள்ள வாங்க" என்றாள்.